நல்லா இருக்கான், மேடம்

இங்கிலாந்து கால்பந்துக்காரர்கள் வெளிநாட்டு லீக்குகளில் போய் ஆடினால் உருப்படுவார்களா என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். உலகக் கோப்பை வரும்போதெல்லாம் இந்தப் பேச்சும் வந்துவிடும். டிவியில் கோட்டுப் போட்ட நான்கு பேர் பேசுவார்கள். எங்கள் ஊர் டீக்கடையிலும் பேசுவார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் எங்கள் ஊர். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முன்பே காலில் பந்தைக் கொடுத்துவிடுகிற ஜனம். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு காலத்தில் அந்தப் பேச்சில் என் தொண்டைதான் பெரிய தொண்டை. இப்போது வாயே திறப்பதில்லை. காரணம் என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள். அபுதாபியில் ஒரு கால்பந்து கிளப்பில் எனக்கு டிரைவர் வேலை. முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம், எல்லோரும் எங்கள் கடற்கரைக்காரர்கள். மூத்தவர் ஒரு வெல்டர். அவருக்கும் எனக்கும் வெள்ளிக்கிழமைதோறும் இதே சண்டைதான்.

"லேய், அவன் எதுக்கு வெளிய போகணும்? உலகத்துல உள்ளவன் பூரா அவன் வீட்டு முத்தத்துல வந்துல்லா ஆடுதான்?" என்பார்.

"அதான் ஓய் கேடு!" என்று நான் பாய்வேன். "பிரேசில்காரனப் பாரும். மீசை முளைக்க முன்ன பெட்டியத் தூக்கிட்டுப் போறான். பாஷை தெரியாது, சோறு பிடிக்காது. ஆனா ஆட்டம் படிக்கான். இங்கிலாந்துக்காரனுக்கு அம்மை கையால டீ குடிக்கணும். பெரிய போட்டின்னு வந்தா கால் நடுங்குது."

"நீ வெளிய வந்து என்னல படிச்ச?"

"இந்தி படிச்சேன், அரபி படிச்சேன், மூட்டைப்பூச்சிகூடத் தூங்கப் படிச்சேன். போதாதா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். பந்தைப் பற்றிப் பேசுவதாக அவர்கள் நினைத்தார்கள். நான் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஊரைவிட்டு வந்தது வீணில்லை என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை, அதனால் நானே சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆகஸ்டில் கிளப்புக்கு ஒரு இங்கிலாந்துக்காரன் வந்தான். அவனுக்கு வயது இருபத்துநான்கு, நடுக்களத்தில் ஆடுகிறவன். அங்கே இரண்டாம் தரத்து அணி ஒன்றில் ஆடி, இடம் போய், ஒரு சீசன் ஒப்பந்தத்தில் இங்கே வந்திருந்தான். அவனை வீட்டிலிருந்து மைதானத்துக்கும் மைதானத்திலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டியது என் டூட்டி. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டாம். என் வாதத்துக்குக் கை கால் முளைத்து விமானத்தில் வந்து இறங்கியதாகவே நினைத்தேன்.

ஏர்போர்ட்டில் அவன் பெட்டியைத் தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. "என்ன தம்பி உள்ளே?" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். டீத்தூள் பைகள், டின்னில் அடைத்த பயறு, அவன் அம்மா செய்துகொடுத்த கேக். அடப்பாவி! நாங்கள் கருவாடும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு வந்ததற்கு இவன் எந்த விதத்தில் வித்தியாசம்? அந்த நிமிடமே அவனை எனக்குப் பிடித்துப்போனது. முன் சீட்டில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். சார் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொண்டான். என்னை 'மேட்' என்பான், கூட்டாளி என்று அர்த்தமாம்.

ஆனால் மூன்றாம் நாள் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயிற்சி முடிந்து காரில் ஏறியவன் மொபைலை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். ஆறடி ஆள், தாடி வேறு. கதறிக் கதறி அழுகிறான். மூச்சுவிட முடியவில்லை அம்மா, அவ்வளவு வெயில். யாரும் எனக்குப் பந்து தருவதில்லை அம்மா. கோச் பேசுவது புரியவில்லை, நான் வந்திருக்கவே கூடாது. இப்படி அரைமணி நேரம். நான் ரோட்டைப் பார்ப்பதா அவனைப் பார்ப்பதா? பெத்த தாயிடம் இப்படியா சொல்வான் ஒருவன்? அந்தப் பொம்பளை அங்கே என்ன செய்யும், எப்படித் தூங்கும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு சிக்னலைக் கவனிக்காமல் போனேன்.

நாங்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. எங்கள் அறையில் யாரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து போன் வந்தால், "நல்லா இருக்கேன்." அறையில் இன்னொருவனைக் கேட்டு வந்தால், "நல்லா இருக்கான்." அவ்வளவுதான். எங்கள் ஏசி டெக்னீஷியன் ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்து கிடந்தபோது, அவன் மனைவிக்கு மூன்று வாரம் நாங்கள் மாறி மாறிப் பதில் சொன்னோம். சைட்டுக்குப் போயிருக்கான் தங்கச்சி, பாலைவனத்துல சிக்னல் இல்ல, வந்ததும் கூப்பிடச் சொல்லுதேன். எனக்கு அம்மை போட்டபோது என் வீட்டுக்கும் அதே கதைதான் போனது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. அறைக்குள் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு அனுமதி கேட்பார்களா? அந்த மாதிரி ஒரு மரியாதை அது. பொய் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அவனிடம் ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். "தம்பி, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லாதே. நல்லா இருக்கேன் என்று சொல்."

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "நல்லா இல்லையே? அப்புறம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாது என்றுதான்."

"தெரியாவிட்டால் எனக்கு எப்படி உதவி செய்வாங்க?"

வளராத பயல் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன்.

வெயில்தான் அவனை வழிக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஆடிய மாதிரி தொண்ணூறு நிமிடமும் ஓடிப்பார்த்தான். இருபதாவது நிமிடத்தில் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது ஆட்டத்திலும் அப்படியே. எங்கள் அணியில் ஒரு பிரேசில்காரன் இருந்தான், நான்கு நாட்டில் ஆடிவிட்டு வந்தவன். ஓடவே மாட்டான். நின்ற இடத்தில் நின்று கழுத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருப்பான். பந்து அவனைத் தேடி வரும். இவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். செப்டம்பர் முடியும்போது இவன் கழுத்தும் திரும்ப ஆரம்பித்தது. பந்து வருவதற்கு முன்பே முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறான் என்று தெரிந்துவைத்திருந்தான். வந்த பந்தை அடித்து விரட்டாமல், காலடியில் வைத்து, ஒரு நொடி பொறுத்து, எதிராளி வரவர நழுவினான். மாதாவே! வேலிக்கு வெளியே நின்று நான் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் ஓடிவந்தான். அதே கால், அதே ஆள். வேறு ஆட்டம்.

அன்று அறைக்குப் போனதும் வெல்டரைப் பிடித்தேன். "இப்ப என்ன சொல்லுதீரு ஓய்? வெளிய வந்தான், படிச்சான். வீட்டுலயே இருந்தா படிச்சிருப்பானா?"

"சரிதாம்ல, ஒத்துக்கிடுதேன். சவத்த விடு, சோறு திங்க விடு," என்றார் அவர். வாழ்க்கையில் அவர் ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து நல்ல செய்தி வந்தது. இங்கிலாந்து இல்லை, வேறொரு நாட்டின் முதல்தர கிளப். ஜனவரியில் அவர்கள் ஆள் ஒருவர் வந்து இவன் ஆட்டத்தைப் பார்ப்பார். பிடித்தால் மூன்று வருட ஒப்பந்தம். அவன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "திரும்பி வீட்டுக்குப் போக வேண்டாம், மேட்! நேரே அங்கே!" அந்தப் பெரிய லீக்கில் அவன் ஆடுவதை அறையில் உட்கார்ந்து டிவியில் பார்ப்பதாகவும், ஏசி டெக்னீஷியனுக்கும் வெல்டருக்கும் நான் விளக்கம் சொல்வதாகவும் நினைத்து நினைத்து எனக்கு ஸ்டீயரிங்கே லேசாகிப்போனது.

அந்த ஆள் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை மாலை ஆட்டத்தில், ஒருவன் இவன் காலில் சறுக்கி விழுந்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரோ கொண்டுவந்த அவன் பையிலிருந்து மோதிரம், மொபைல், பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து என் கையில் திணித்தான். கிளப் வழக்கமாக அனுப்பும் சின்ன ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். மறுநாள் காலை டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு சுளுக்குதான் என்றார். கிளப் மேனேஜர் கையைத் தட்டினார். "மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை! ஊசி போடுங்கள். ஒரு வாரம், கலாஸ், முடிந்தது." வலிக்கு மருந்து கொடுத்ததும் அவன் தூங்கிவிட்டான்.

மேனேஜரும் டாக்டரும் போனபின் அங்கிருந்த நர்ஸ் என்னைத் தள்ளிக் கூப்பிட்டாள். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவள்.

"அண்ணா, எனக்கு இது சுளுக்கு மாதிரித் தெரியல. முட்டு உள்ள ஏதோ கிழிஞ்சிருக்கு போல. காலு நிக்கவே மாட்டேங்குது, பாத்தீங்களா? ஸ்கேன் எடுக்காம ஆட விடாதீங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க, என் வேலை போயிரும்."

நான் தலையாட்டினேன். அவள் போனாள். வெளியே பள்ளிவாசலில் ஜும்மா உரை ஆரம்பித்திருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கையிலிருந்த அவன் மொபைல் அடித்தது. அம்மா.

எடுத்தேன். எங்கள் அறையில் யார் போன் அடித்தாலும் பக்கத்தில் இருப்பவன் எடுப்பான், அதே கைதான் எடுத்தது. அந்த அம்மா வேகமாகப் பேசினாலும் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. நேற்று ராத்திரி என்னிடம் மொபைலை வாங்கி, முழங்காலில் அடிபட்டது என்று மகன் செய்தி அனுப்பியிருக்கிறான். அவர் ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய கிளப்பில் யார் யாரையோ பிடித்து, முழங்காலுக்கென்றே பேர்பெற்ற ஒரு டாக்டரிடம் பேசிவிட்டார். நாளைக் காலை பார்ப்பாராம். நாளைக்கு விட்டால் அவர் விடுமுறை, இரண்டு வாரம் கிடைக்கமாட்டார். இன்று மாலை விமானத்தில் மகன் ஏறினால் போதும். டிக்கெட் எடுக்க அவர் தயாராக இருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்கதானே அந்த டிரைவர்? அவன் எப்பவும் உங்களைப் பற்றிச் சொல்வான். உண்மையைச் சொல்லுங்க. மோசமா?"

கட்டிலில் அவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். முழங்கால் பலாக்காய் கணக்கில் வீங்கியிருந்தது.

"இல்லை மேடம். சின்ன வலி. டாக்டர் பார்த்துவிட்டார். நன்றாகச் சாப்பிட்டான். சிரித்துப் பேசினான். இப்போது தூங்குகிறான்."

அவன் முந்தின நாளிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

"நிச்சயமாகவா?"

"நூறு சதவீதம், மேடம். நல்லா இருக்கான்."

அந்த அம்மா விட்ட பெருமூச்சு என் காதில் சூடாகக் கேட்டது. கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஏன் சொன்னேன்? பழக்கம்தான் என்று என்னையே பலநாள் ஏமாற்றியிருக்கிறேன். பழக்கம் பாதிதான். இன்று ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டான், ஐரோப்பாக்காரர் வந்து ஏமாந்து போவார், அம்மா மடியில் போய் உட்கார்ந்துவிடுவான், வெல்டர் சிரிப்பார். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் என் மண்டையில் ஓடியது. எது மரியாதை, எது என் பேராசை என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் விழித்ததும் அவன் அம்மாவைக் கூப்பிட்டான். அழவில்லை. பேசி முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஒண்ணும் இல்லையாம், அம்மாவே சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில விசாரிச்சாங்களாம்." கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நான் சொன்ன பொய் இங்கிலாந்து வரை போய், அவன் அம்மாவின் குரலில் அவனுக்கே திரும்பி வந்திருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். நாளைக்கு ஊசி போட்டார்கள், வீக்கம் வடிந்தது. நான்காம் நாள் மெல்ல ஓடினான். சரிதான், நர்ஸுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு சீக்கிரம் நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் ஐரோப்பாக்காரர் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் வேலியோரம் நின்றேன். கால் மணி நேரம் அவன் ஆடியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பந்து அவன் சொன்னபடி கேட்டது. மேல்வரிசைக்காரர் ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம் அவன் நழுவுவதற்காகத் திரும்பினான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. யாரும் தொடவில்லை. கால் அங்கேயே நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. அவன் போட்ட சத்தம் வேலிக்கு இப்பால் எனக்குக் கேட்டது. பிரேசில்காரன் ஓடிவந்து பார்த்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

இந்தத் தடவை பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "முதலில் கொஞ்சம்தான் கிழிந்திருக்க வேண்டும். அப்போதே வந்திருந்தால் ஆறு மாதத்தில் ஆடியிருப்பான். அதன்மேல் ஆடவிட்டது யார்?" என்று கத்தினார். நடக்கலாம். மாடி ஏறலாம். பந்து விளையாடுவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவனைக் கூட்டிப்போக அவன் அம்மா வந்தார். குள்ளமான உருவம், நரைத்த தலை. தன் ஊரில் பஸ் ஓட்டுகிறவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஏர்போர்ட்டுக்குப் போகும் நாளில் அவன் பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அம்மா முன்னால் என் பக்கத்தில். கொஞ்ச தூரம் நான் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். "கண்ணாடியை நன்றாகப் பார்க்கிறீங்க," என்றார். பிறகு, "அன்றைக்குப் போனில் பேசியது நீங்கதானே?" என்றார்.

"ஆமாம், மேடம்."

"குரல் ஞாபகம் இருக்கு." கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க வைத்ததும் டாக்டருக்குப் போன் செய்து, அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுங்க என்று சொன்னேன். அப்புறம் டூட்டிக்குப் போனேன். அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே பஸ் ஓட்டினேன். ஏறினவங்க எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டாங்க. என் பையனுக்கு ஒண்ணுமில்லை என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன்."

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தப் பதிலைச் சொன்னது ஆஸ்பத்திரி இல்லை, நான்தான் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

பெட்டிகளை இறக்கி டிராலியில் வைத்தேன். கனமே இல்லை. ஊன்றுகோலை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்காமல் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

"தெரியாமச் சொன்னியா, தெரிஞ்சே சொன்னியா?"

தெரியாது என்று சொல்ல வாய் தானாகவே திறந்தது. அந்த அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான்," என்றேன். "நர்ஸ் சொல்லியிருந்தாள்."

அவன் என் கையிலிருந்த ஊன்றுகோலை விட்டுவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே உள்ளே போனான்.